சாமியாரை எப்போது கூப்பிடுவது?

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்திருப்போம். செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அவற்றுக்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் அறிக்கையிடுவது, அவர் சொல்லும் அபராதத்தைத் தீர்ப்பது. நடமாட்டத்தில் இருப்பவருக்கு இந்த ஐந்துக்கும் ஒரு சனிக்கிழமை மாலை போதும். மூக்கில் குழாயோடு படுத்திருப்பவருக்கு என்ன வழி? வாழ்நாளெல்லாம் கோயில் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, இன்று கண்ணால் மட்டும் ஏதோ கேட்கிறவருக்கு?

இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சாவுப் படுக்கைகளின் பக்கத்தில் நின்று, தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு, திருச்சபை இதற்கு ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது. குடும்பத்தார் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் காரியம் கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் சாமியார் கையில் இல்லை, நம் கையில்தான் இருக்கிறது.

இந்த வழியில் முதலில் போனவன் கல்வாரியில் தொங்கிய கள்வன். இயேசுவோடு அறையப்பட்ட இருவருமே அவரைப் பழித்தார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். லூக்கா மட்டும் ஒருவனைப் பிரித்துக் காட்டுகிறார். முதலில் இருவரும்தான் ஏசினார்கள், பிறகு ஒருவன் மனம் மாறினான் என்று பழைய உரையாசிரியர்கள் சேர்த்துப் படித்தார்கள். அப்படிப் படித்தால் அந்த மனமாற்றம் சிலுவையின் மேலேயே, சில மணி நேரத்துக்குள் நடந்திருக்கிறது.

அவன் பேசியது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் ஐந்து காரியங்களும் எப்படி அடங்குகின்றன என்று பாருங்கள். கடவுளுக்குக்கூட நீ பயப்படவில்லையா என்று கூட்டாளியைக் கேட்கிறான். நமக்குக் கிடைத்தது நாம் செய்ததற்குத் தகுந்த தண்டனைதான் என்று எல்லார் காதிலும் விழும்படி ஒப்புக்கொள்கிறான். நினைத்துப் பார்ப்பதும் வருந்துவதும் அறிக்கையிடுவதும் அங்கே ஒன்றாக வந்துவிடுகின்றன. கூட்டமே எதிராக நிற்கிறபோது, இவர் குற்றமற்றவர் என்று சாட்சி சொல்கிறான். பிறகு இயேசுவைப் பேர் சொல்லி அழைத்து, தன்னை நினைத்துக்கொள்ளும்படி மட்டும் கேட்கிறான். இறக்கிவிடும்படி கேட்கவில்லை. ஐந்தாவது காரியம் மட்டும் அவனால் முடியாது. சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். இவனுடைய கையும் காலும் சிலுவையில் இருக்கின்றன. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவோ, யார் வாசலிலும் போய் நிற்கவோ வழியில்லை. ஆனாலும் பதில் 'இன்றைக்கே' என்று வருகிறது.

திஸ்மாஸ் என்று அவனுக்குப் பெயர் தந்தது நிக்கதேமு நற்செய்தி எனப்படும் பிற்கால நூல். ரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் அவன் நாள் மார்ச் 25. மரணப் படுக்கையில் இன்று நடக்கிற சடங்கை இந்தக் கள்வனை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு பகுதியும் எதற்காக என்று தெளிவாகும். படிகள் சுருங்கலாம், ஒன்றோடொன்று சேரலாம், ஒன்றிரண்டு முடியாமலே போகலாம். கடவுள் பக்கம் திரும்புவதை மட்டும் அந்த ஆள்தான் செய்தாக வேண்டும்.

முதல் படி, கூப்பிடுவது. இதைத்தான் நாம் அதிகம் கெடுக்கிறோம். "சாமியாரைப் பார்த்தா அப்பா பயந்துருவாரு", "டாக்டரே இன்னும் கைவிரிக்கல, அதுக்குள்ள எதுக்கு" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் நினைவு தப்பிய பிறகு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பங்கு வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. முன்பு இதன் பெயர் அவஸ்தைப்பூசுதல். அவஸ்தை கொடுத்தாயிற்று என்றால் ஆள் முடிந்தார் என்றுதான் ஊருக்குப் பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதை மாற்றியது. இது உயிர் போகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியது இல்லை, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே இதற்குரிய நேரம் வந்துவிட்டது என்றது. 1972இல் ஆறாம் பவுல் சடங்கையே திருத்தியமைத்தார். இப்போது அது நோயில்பூசுதல். ஆபத்தான நோய்க்கு அறுவைச் சிகிச்சை என்றால் அதற்கு முன்பு பூசலாம். தளர்ந்துபோன முதியவருக்குப் பெரிய நோய் எதுவும் இல்லாவிட்டாலும் பூசலாம். குணமாகி மறுபடி விழுந்தாலோ, அதே நோய் முற்றினாலோ மறுபடியும் பூசலாம். சட்டம் மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் வீடுகளில் பழைய பயம் அப்படியே இருக்கிறது.

ஆகவே, ஆபத்து என்று டாக்டர் சொன்ன அன்றே கூப்பிடுங்கள். தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்பு, மயக்க மருந்து தொடங்குவதற்கு முன்பு கூப்பிடுங்கள். பேச முடிகிற ஒரு மணி நேரம், பேச முடியாத மூன்று நாளைவிடப் பெரியது. நோயாளியிடம் உண்மையை மறைப்பது அன்பால்தான். ஆனால் அந்த அன்பு, அவர் கடைசியாகச் செய்யக்கூடிய ஒரே காரியத்துக்கான நேரத்தை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

கூப்பிடுவதன் அருமையைச் சொல்ல, அலெக்சாந்திரியாவின் செராப்பியோன் என்ற முதியவரைவிட நல்ல சாட்சி இல்லை. 250இல் தேசியுஸ் பேரரசன் காலத்துத் துன்புறுத்தலில் பயந்து பலியிட்டுவிட்டவர் அவர். மன்னிப்பு வேண்டிப் பலமுறை கெஞ்சியும் யாரும் செவிசாய்க்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். நான்காம் நாள் கொஞ்சம் தெளிந்தவுடன், மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு, என்னை இன்னும் எத்தனை நேரம் பிடித்துவைத்திருப்பீர்கள், போய்க் குருவைக் கூட்டிவா என்றார். மறுபடியும் பேச்சு நின்றது. பையன் இருட்டில் ஓடினான். குருவும் நோயில் படுத்திருந்தார், எழுந்து வர முடியவில்லை. ஆனால் சாகும் நேரத்தில் கேட்பவருக்கு, குறிப்பாக முன்பே கேட்டிருந்தவருக்கு, மன்னிப்பை மறுக்கக்கூடாது என்று ஆயர் தியோனிசியுஸ் சொல்லிவைத்திருந்தார். குரு நற்கருணையில் ஒரு சிறு துண்டைப் பையனிடம் கொடுத்து, இதை நனைத்துத் தாத்தாவின் வாயில் சொட்டுச் சொட்டாக விடு என்றார். பையன் வீட்டுக்குள் நுழையும் முன்பே கிழவர் கண் திறந்து, குருவால் வர முடியவில்லை என்பதைத் தானே சொல்லி, அவர் சொன்னதைச் சீக்கிரம் செய்யும்படி அவனைக் கேட்டுக்கொண்டார். பையன் நனைத்து ஊற்றினான். கொஞ்சம் விழுங்கினார், உயிர் பிரிந்தது. ஆயர் தியோனிசியுஸ் இதை அந்தியோக்கியா ஆயருக்குக் கடிதமாக எழுதினார். யூசேபியுஸ் அதைத் தம் திருச்சபை வரலாற்றில் சேர்த்துவைத்தார்.

அந்தக் காலத்தில் இது எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்ளப்பட்ட காரியம் இல்லை. உடல்நலத்தோடு இருந்தபோது மனந்திரும்பாதவன் நோயில் விழுந்து கேட்டால், அவனைக் கேட்கவைப்பது மனத்துயர் இல்லை, சாவு பயம்தான் என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் கண்டிப்பாக எழுதினார். ஸ்பெயினில் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய எல்விரா சங்கம், சில பாவங்களுக்குச் சாகும்போதுகூட நற்கருணை இல்லை என்றது. 325இல் நிசேயா பொதுச்சங்கம் தன் 13ஆம் விதியில், சாகிற யாருக்கும் வழியுணவு, அதாவது கடைசி நற்கருணை, மறுக்கப்படக்கூடாது என்றது. அதற்குப் பிறகும் கோல் நாட்டில் சிலர் மறுத்துக்கொண்டிருக்க, 428இல் திருத்தந்தை முதலாம் செலஸ்தீன் அவர்களைக் கடிந்து எழுதினார். சாகிறவனுக்கு மன்னிப்பை மறுப்பது அவன் ஆன்மாவையும் சேர்த்துக் கொல்வது என்பது அவர் வாதம். எடுத்துக்காட்டாக அவர் காட்டியதும் சிலுவையில் தொங்கிய கள்வனைத்தான்.

சிப்ரியானின் கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். பயத்தில் வருகிற மனந்திரும்புதல் மெய்யானதா? 6ஆம் நூற்றாண்டில் ஆர்ல் நகர ஆயர் சேசாரியுஸ், சாவுப் படுக்கையில் கேட்பவனுக்கு மன்னிப்பின் வழியை என்னால் கொடுக்க முடியும், உறுதியைக் கொடுக்க முடியாது என்ற பொருளில் பிரசங்கித்தார். உடம்பு நன்றாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள் என்பது அவர் வற்புறுத்தல். நலமாக இருக்கிறவரிடம் சொல்ல அது சரியான சொல். சாகிறவரிடம் என்ன சொல்வது என்பதற்குப் பதில் 1551இல் திரெந்து சங்கத்தில் வந்தது. கடவுள்மேல் உள்ள அன்பினால் வரும் வருத்தம் உத்தம மனஸ்தாபம். பாவத்தின் அருவருப்பாலோ தண்டனைக்குப் பயந்தோ வரும் வருத்தம் குறையுள்ளது. ஆனால் அந்தக் குறையுள்ள வருத்தமும், இனிப் பாவம் வேண்டாம் என்ற மனத்தோடும் மன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடும் இருந்தால், கடவுளின் கொடைதான். பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பைப் பெற அது வழிசெய்கிறது. சாமியாரைக் கூப்பிட வேண்டியதன் ஆழமான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். உத்தம மனஸ்தாபம் நம்மில் எத்தனை பேருக்குக் கேட்டவுடன் வரும்? பயந்துபோன மனுசனின் அரைகுறை வருத்தத்தை ஏற்று நிறைவாக்க இந்த அருளடையாளம் இருக்கிறது.

சாமியார் வருவதற்குள் வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சிறு மேசை, அதன்மேல் வெள்ளைத்துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, தீர்த்தம், ஒரு டம்ளர் தண்ணீர், கரண்டி. ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் திரி ஏற்றாதீர்கள். டிவியை நிறுத்துங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் மேசையும் துணியும் முடியாது, நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிப் பத்து நிமிடம் கேட்டு வாங்கினால் போதும். விழுங்க முடிகிறதா, நினைவு இருக்கிறதா, ஏற்கெனவே பூசப்பட்டிருக்கிறாரா என்ற மூன்றையும் வாசலிலேயே சாமியாரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளே போன பிறகு நோயாளியின் தலைக்கு மேலே நின்று அதைப் பேச வேண்டாம்.

அடுத்தது பாவசங்கீர்த்தனம். இப்போது எல்லாரும் வெளியே போக வேண்டும். மனைவியும், மூத்த மகனும்கூட. "நான் இருந்தா பரவாயில்ல சாமி" என்று நிற்பவர் எப்போதும் ஒருவர் இருப்பார். அவருக்குப் பரவாயில்லாமல் இருக்கலாம், படுத்திருப்பவருக்கு அப்படி இருக்காது. திரைச்சீலை மட்டும் மறைக்கிற வார்டில் சாமியார் குனிந்து காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவார். தற்செயலாக யார் காதிலாவது விழுந்துவிட்டால், குருவைப் போலவே அவரும் அந்த இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்.

சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்வது முறை. உடம்பு இடங்கொடுக்காவிட்டால் பொதுவாகச் சொன்னால் போதும். பேச்சு போயிருந்தால் சாமியார் கேள்வியாகக் கேட்பார், தலையசைப்போ, விரலை அழுத்துவதோ, கண்ணை மூடித் திறப்பதோ பதிலாகும். அபராதமும் சின்னதாக இருக்கும். இயேசுவின் திருப்பெயரைச் சொல்வதாக இருக்கலாம், சுரூபத்தை முத்தி செய்வதாக இருக்கலாம். பிறகு பாவமன்னிப்பு. பல ஆண்டுச் சுமை இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

எந்தக் குரு என்பதும் தடையில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு குருவுக்குச் சாதாரணமாக ஆயரின் அனுமதி வேண்டும். சாவு ஆபத்தில் அது வேண்டாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 976ஆம் விதிப்படி, குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டவர்கூட, முறையான அனுமதியுள்ள இன்னொரு குரு அங்கேயே நின்றாலும், சாகிறவர் யாராக இருந்தாலும், எந்தப் பாவத்திலிருந்தும் மன்னிப்பு வழங்கலாம். சட்ட நூலில் நான் மிக விரும்பிப் படிக்கிற விதி இது. தன் ஒழுங்குகளையெல்லாம் அந்தக் கட்டிலுக்கு முன்னால் திருச்சபை தானே மடக்கி வைத்துவிடுகிறது.

யார் என்பதும் தடையில்லை என்று சொல்லும்போதுதான் மனசு முரண்டு பிடிக்கிறது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸ் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர், இளம் வயதிலேயே திருச்சபையை விட்டு விலகியவர். போலந்தில் மரண தண்டனை பெற்று வடோவிச் சிறையில் இருந்தபோது குருவைக் கேட்டார். ஜெர்மன் நன்றாகத் தெரிந்த இயேசு சபைக் குரு விளாடிஸ்லாவ் லோன் வந்தார். 1947 ஏப்ரல் 10 அன்று ஹோஸ் பாவசங்கீர்த்தனம் செய்தார், மறுநாள் நற்கருணை வாங்கினார். தான் செய்தவற்றுக்காகப் போலந்து மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடுத்தார். ஏப்ரல் 16 அன்று ஆஷ்விட்ஸ் முகாமிலேயே தூக்கிலிடப்பட்டார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட இடம் அது.

திராட்சைத் தோட்ட உவமையில் விடியற்காலையில் வந்து வெயிலைச் சுமந்தவர்கள் முறுமுறுத்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே ஒரு தெனாரியம். அந்த முறுமுறுப்பு எனக்கும் வருகிறது. ஆனால் நடந்தது என்ன என்பதை அளவோடு பார்க்க வேண்டும். செத்தவர்கள் சார்பில் அந்தக் குரு பேசவில்லை, அவர்கள் மன்னித்துவிட்டார்கள் என்றும் சொல்லவில்லை. கடவுளுக்கும் அந்த மனிதனுக்கும் இடையில் உள்ளதை மட்டும் கையாண்டார். தண்டனையும் நிற்கவில்லை. கல்வாரிக் கள்வனும் சிலுவையிலிருந்து இறக்கப்படவில்லையே. தீயவனின் சாவில் தமக்கு மகிழ்ச்சி இல்லை, அவன் திரும்பி வாழ்வதே விருப்பம் என்று எசேக்கியேல் வாயிலாகக் கடவுள் சொல்வதை நம்புகிறவர்கள், ஹோஸுக்கு மட்டும் விதிவிலக்கு வைக்க இடமில்லை.

பாவசங்கீர்த்தனத்தோடு ஒட்டி வருவது, நோயாளி தன்னைப் புண்படுத்தியவர்களை மன்னிப்பது. இதைச் சடங்குப் புத்தகத்தில் தனிப் பகுதியாகத் தேட வேண்டாம், கர்த்தர் கற்பித்த செபத்திலேயே இருக்கிறது. 1902இல் இத்தாலியின் நெத்தூனோ மருத்துவமனையில், கத்திக்குத்துப்பட்டுச் செத்துக்கொண்டிருந்த 11 வயது மரிய கொரற்றியிடம், உன்னைக் குத்தியவனை மன்னிக்கிறாயா என்று கேட்டார்கள். மன்னிப்பதாகவும், அவனும் தன்னோடு மோட்சத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். குத்திய அலெஸ்ஸாந்திரோ 27 ஆண்டு சிறையில் இருந்தார். மனம் மாறி வெளியே வந்து அவள் தாயிடம் மன்னிப்புக் கேட்டார். 1950இல் மரிய கொரற்றி புனிதராக அறிவிக்கப்பட்டாள்.

நம் வீடுகளில் இது பெரும்பாலும் அண்ணன் தம்பி விவகாரமாகத்தான் இருக்கும். பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு, மகள் சொல்லாமல் செய்துகொண்ட கல்யாணம். பேச்சுவார்த்தை நின்று பல வருடம் ஆகியிருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் துணிந்து போன் போட வேண்டும். வந்து நிற்பவரிடம் நோயாளி எதுவும் பேச வேண்டாம், கையைப் பிடித்தால் போதும். ஆங்கிலிகன் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுச் செபநூலில் நோயாளியைச் சந்திக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. அதில் போதகர் நோயாளியிடம், எல்லாரையும் மன்னித்தாயா, யாருக்காவது தீங்கு செய்திருந்தால் முடிந்த மட்டும் ஈடுசெய்தாயா என்று கேட்க வேண்டும். உயில் எழுதச் சொல்ல வேண்டும், கடனையும் வரவையும் தெளிவாகச் சொல்லிவைக்கச் சொல்ல வேண்டும், வசதி உள்ளவரை ஏழைகளுக்குக் கொடுக்கத் தூண்ட வேண்டும். மனச்சாட்சி உறுத்தினால் தனிப்பட்ட அறிக்கைக்கும் மன்னிப்புக்கும் அங்கே இடமுண்டு. மனந்திரும்புதல் ரூபாய் பைசா கணக்கு வரைக்கும் இறங்கிவர வேண்டும் என்று எழுதிவைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

இனி வருவதில் ஒரு வரிசைக் குழப்பம் உண்டு. கடைசியாக வருவது எண்ணெய் பூசுதல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நேரம் இருந்தால் பாவசங்கீர்த்தனம், பூசுதல், பிறகு நற்கருணை என்று போகும். சாகிறவரின் கடைசி அருளடையாளம் நற்கருணைதான். வழியுணவு என்று அதற்குப் பெயர். அன்று காலையில் நற்கருணை வாங்கியிருந்தாலும் மறுபடி வாங்கலாம், உபவாசக் கட்டுப்பாடு இல்லை. நேரம் இல்லாவிட்டால் பாவமன்னிப்புக்குப் பிறகு உடனே வழியுணவு, மிச்ச நேரம் இருந்தால் பூசுதல். விழுங்கவே முடியாதவருக்குப் பூசுதல் போதும். அப்பத்தை விழுங்க முடியாமல் திரவம் மட்டும் இறங்குகிறவருக்குத் திருஇரத்தத்தைத் துளியாகக் கொடுக்கவும் வழியுண்டு. செராப்பியோனின் பேரன் செய்ததிலிருந்து இது அதிகத் தூரம் இல்லை.

பூசும் எண்ணெயை ஆயர் புனித வாரத்தில் மந்திரித்திருப்பார். ஒலிவ எண்ணெய் வழக்கம், கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று புலன்தோறும் பூசினார்கள். இப்போது நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும். கட்டுப்போட்டிருந்தால் நெற்றியில் ஒருமுறை, அதுவும் முடியாவிட்டால் உடம்பில் தொட முடிகிற இடத்தில். நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி மன்றாடட்டும், பாவம் செய்திருந்தால் மன்னிக்கப்படும் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதியதுதான் இதற்கு அடிப்படை. இந்த நேரத்தில் குடும்பத்தார் உள்ளே வந்து சேர்ந்து செபிக்கலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்குக் குரு, திருத்தந்தையின் பெயரால் பரிபூரண பலனுள்ள ஆசீரும் கொடுப்பார். எல்லாக் குருக்களும் அதைக் கொடுக்கும் வழி 1747இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் காலத்தில் பரவலானது.

நினைவு இல்லாதவருக்கு? நினைவு இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்று கருத இடமிருந்தால் குரு பாவமன்னிப்பும் கொடுப்பார், பூசவும் செய்வார். உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்று சந்தேகமாக இருந்தாலும் பூசலாம் என்கிறது சட்டம். போய்விட்டது உறுதி என்றால் பூசமாட்டார், இறந்தவருக்கான செபத்தைச் சொல்வார். அங்கே அவரிடம் மல்லுக்கட்டாதீர்கள்.

குருவே வர முடியாத சாவுகளும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வார்டுகளின் கதவுகள் அடைபட்டபோது, ரோமையின் பாவமன்னிப்பு நீதிமன்றம் மார்ச் 20 அன்று, தேவையான இடங்களில் வார்டு வாசலில் நின்றே பொதுப் பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்றது. அதுவும் கிடைக்காதவர்களுக்குப் பழைய போதனையை நினைவூட்டியது. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பதால் வரும் உத்தம மனஸ்தாபம், முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு இருந்தால், சாவான பாவங்களுக்கும் மன்னிப்பைப் பெற்றுத்தரும். குரு இல்லாத இடத்தில் குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, உத்தம மனஸ்தாப செபத்தை நோயாளியின் காதருகே ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொல்வது. ஞானஸ்நானமே பெறாதவர் கேட்டால், தண்ணீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்க, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணமுள்ள யாராலும் முடியும். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதுகூட இல்லை. பேரரசன் கான்ஸ்டன்டைனே 337இல் சாவுப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றான்.

பாரிஸில் 1887இல் மூன்று பேரைக் கொன்றதற்காகத் தண்டனை பெற்ற பிரான்சினி என்பவனுக்காக, லிசியே நகரில் 14 வயதுப் பெண் ஒருத்தி செபித்துக்கொண்டிருந்தாள். பின்னாளில் புனித குழந்தை தெரசம்மாள் ஆனவள். அவன் திரும்பினான் என்பதற்கு ஓர் அடையாளம் மட்டும் கேட்டாள். ஆகஸ்ட் 31 அன்று பாவசங்கீர்த்தனம் செய்யாமலே கில்லட்டின் மேடை ஏறியவன், கடைசி நொடியில் குருவின் கையிலிருந்த சுரூபத்தை வாங்கி மூன்று தரம் முத்தமிட்டான். நாளிதழில் அதைப் படித்து அவள் அழுதாள். தன் முதல் பிள்ளை என்று அவனைச் சொல்லிக்கொண்டாள். அந்த முத்தத்துக்குள் எவ்வளவு மனஸ்தாபம் இருந்தது என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

அருளடையாளங்கள் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரம் குடும்பத்தாருடையது. அந்த நேரத்தில் நோயாளிக்கு வரும் பெரிய சோதனை அவநம்பிக்கை. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நல்ல மரணத்துக்கு வழிகாட்டும் சிறு படநூல் ஒன்று மரக்கட்டை அச்சில் பரவியது. எழுத்துத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு படத்தில் பிசாசுகள் நோயாளியின் பாவப் பட்டியலை முகத்துக்கு நேராக விரித்துக் காட்டுகின்றன. அடுத்த படத்தில் அதே கட்டில். அதைச் சுற்றிச் சேவலோடு பேதுரு, தைலச் சிமிழோடு மகதலா மரியா, குதிரையிலிருந்து விழுந்து கிடக்கும் சவுல், சிலுவையோடு நல்ல கள்வன். மறுதலித்தவர், பாவி என்று பேரெடுத்தவள், துன்புறுத்தியவர், கொள்ளையடித்தவன். பட்டியலைப் பார்த்துப் பயந்துபோனவனுக்கு இந்த நாலு பேரைவிட நல்ல துணை யார்?

இன்றைய சடங்கிலும் அப்படித்தான். புனிதர்களின் மன்றாட்டுமாலை, பாடுகளின் வரலாறு, சின்னச் சின்னத் திருமறை வசனங்கள். மெதுவாக, காதருகே, ஒன்றை இரண்டு மூன்று தரம் சொல்லலாம். கண் மூடியிருந்தாலும் காது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதனால் கட்டிலைச் சுற்றி நின்று ஆஸ்பத்திரி பில்லையும் அடக்கத்தையும் பேசாதீர்கள். நெற்றியில் சிலுவை அடையாளம் போடுங்கள். சிறு வயதில் அம்மா போட்டது அவருக்கு நினைவுக்கு வரலாம்.

ஆள் பிழைத்துக்கொண்டால்? இதுவும் நடக்கிறது, அவஸ்தை கொடுத்த பிறகு எழுந்து நடமாடியவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவருக்குக் கிடைத்த மன்னிப்பு உண்மையான மன்னிப்புதான், சாவு வராததால் அது இரத்தாகிவிடாது. ஆனால் அவசரத்தில் விடுபட்ட படிகள் இப்போது கடனாக வந்து நிற்கும். பொதுப் பாவமன்னிப்பு பெற்றவரும், உத்தம மனஸ்தாபத்தால் மன்னிப்புப் பெற்றவரும், தங்கள் சாவான பாவங்களைத் தனியாகக் குருவிடம் சொல்ல வேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பேரைச் சரிசெய்ய வேண்டும், கையைப் பிடித்துக்கொண்ட தம்பி வீட்டுக்கு நடந்தே போக வேண்டும். நிசேயாவின் அதே 13ஆம் விதி இதையும் யோசித்திருக்கிறது. வழியுணவு வாங்கிய பிறகு பிழைத்தவன், செபத்தில் மட்டும் பங்குகொள்பவர்களோடு நின்று தன் மீதித் தவத்தைத் தொடரட்டும் என்று அந்த ஆயர்கள் எழுதிவைத்தார்கள்.